தங்கமலர் அன்ரி ஏன் கதவைச் சாத்தினார்?

ஸ்கீவ, டென்மார்க்,
15 யூன் 2025, ஞாயிறு

அன்பு மகள் துவாரகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே கிறீன்லாந்தில் நூக் நகரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு, உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறோம். நம்புகிறோம் என்று நான் எழுதிவிட்டேனே தவிர அம்மா நம்பவில்லை. போன கிழமை நீ அனுப்பிய படத்தில் உன் கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறதாம். அது வெளிச்சம் விழுந்த விதம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, நீ இரவு வேலை முடித்து வந்து வெறும் பாணோடு படுக்கிறாய் என்று அவளே தீர்மானித்துவிட்டாள். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, வைத்தியர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாள், அதாவது நான் பார்த்துக்கொண்டிருந்தால் செய்கிறாள். என் பிரஷர் நூற்று நாற்பதில் நிற்கிறது. பின்வளவில் ருபார்ப் செடி ஆள் உயரத்துக்கு வந்து நிற்கிறது, அதை என்ன செய்வது என்று இந்த வருடமும் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நூக்கில் இப்போது சூரியன் மூன்று மணித்தியாலம்தான் மறைகிறது என்று வாசித்தேன். அப்படியென்றால் நோயாளிகளை நித்திரைக்கு அனுப்புவது எப்படி? எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் திரை போடுகிறீர்களா? இதை மறக்காமல் எழுது, எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கையால் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பங்குனி தொடங்கி இங்கே ஒரு விசயம் நடந்தது, அதைத் தொலைபேசியில் சொல்ல வெளிக்கிட்டால் நீ பாதியில் வேலைக்கு ஓட வேண்டி வரும், நானும் பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிடுவேன். இது பாதியாகச் சொல்லக்கூடிய விசயம் இல்லை. நீ நேர்ஸ் என்றபடியால் உன்னிடம் கேட்க எனக்குச் சில கேள்விகளும் இருக்கின்றன.

நான் ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்க்கிழமைகளில் ஒரு உணவு உதவிச் சங்கத்துக்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் வாரக்கூடை என்று வரும். கடைகளில் திகதி முடியக் கிட்டிய பால், தயிர், கறுப்புப் பாண், கரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோவா என்று சேர்த்து, அறுபது வீடுகளுக்கு வாரம் ஒரு பொதி கொடுக்கிறோம். அம்மாவும் வந்து பொதி கட்டுகிறாள். பொதிக்குச் செலவழிக்கிற பணத்தில் பெரும்பகுதி ஒரு நிதியத்திலிருந்து வருகிறது, அந்த நிதியம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. உதவி பெறுகிற வீடுகளில் சிலவற்றைச் சீட்டுப் போட்டு எடுத்து, அவர்கள் உண்மையாகவே தகுதி உள்ளவர்களா என்று வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். ஒன்பது கேள்விகள்தான். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு வேலை, இந்தக் கிழமை ஒரு நேரச் சாப்பாட்டையாவது விட்டீர்களா, இப்படி. சீட்டில் பெயர் வந்தவர் பதில் சொல்ல மறுத்தால் பொதி அடுத்த செவ்வாயே நின்றுவிடும், வரும் பங்குனி மாதம்வரை கிடையாது. இடையில் விலகிப்போய்ப் புதிதாகப் பதிந்தாலும் சரிவராது, பழைய ஒன்பது கேள்விக்கும் பதில் சொல்லாமல் புதுப் பதிவு இல்லை. ஆனால் எந்த நாளிலாவது மனம் மாறி, வாருங்கள், கேளுங்கள் என்று சொன்னால் அடுத்த செவ்வாயே பொதி திரும்ப வரும். எனக்கு இந்த விதியில் ஒரு பிழையும் தெரியவில்லை. சொல்லப்போனால் பிடித்திருந்தது. நான் அதுவரை பதினான்கு வீடுகளுக்குப் போயிருந்தேன், எல்லோரும் கோப்பி ஊற்றித் தந்து பதில் சொன்னார்கள், ஒரு கிழவர் தன் முத்திரைச் சேகரிப்பைக் கூடக் காட்டினார். மறுக்கிற மனிதர் எப்படி இருப்பார் என்று அறிய எனக்கு ஒரு விடுப்பே இருந்தது.

பதினைந்தாவது சீட்டில் வந்த பெயர் தங்கமலர். உன்னுடைய தங்கமலர் அன்ரிதான். சலவைத் தொழிற்சாலையில் இடுப்பு நாரி முறிந்து வேலை போனபின் அவர் எங்களிடம் பொதி எடுக்கிறார் என்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் இந்த ஊருக்கு வந்து, நன்றி என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு திரிந்த காலத்தில் அவர் ஒரே வருடத்தில் டெனிஷ் படித்துவிட்டார். கொமூன் என்கிற நகரசபை அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பொலிஸ், எங்கே போனாலும் எங்களுக்கு வாய் அவர்தான். நீ பிறந்தபோது பிரசவ அறையில் அம்மாவின் தலைமாட்டில் நின்று தாதி சொன்னதைச் சொன்னவரும் அவர்தான். அம்மா வலியில் ஏசியதையும் அவர் ஒரு சொல் விடாமல் டெனிஷில் சொன்னாராம், தாதி சிரித்தாளாம்.

தெரிந்தவர் வீட்டுக்குப் போனால் நான் கேள்வி கேட்கக்கூடாது, இன்னொருவர் கேட்பார், நான் படிவத்தை நிரப்ப மட்டும் கூடப் போகலாம், இடையில் கதைக்கவும் கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது. அது சங்கத்தின் விதி. அதனால் தலைவி பிர்தெ என்னோடு வந்தார். காருக்குள் இருந்தே படிவத்தின் மேற்பகுதியை நிரப்பினேன். பெயர், விலாசம், தொல்க், அதாவது மொழிபெயர்ப்பாளர், தேவையா? அந்த இடத்தில் பிர்தெ என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். இவருக்கா, இவர்தான் எங்கள் எல்லோருக்கும் மொழிபெயர்ப்பாளர், என்னைவிட உங்களைவிட நல்ல டெனிஷ் கதைப்பார் என்று சொல்லி, தேவையில்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

மணி அடித்தோம். தங்கமலர் அன்ரி கதவைத் திறந்தார். பிர்தெ மரியாதையாக, ஆறுதலாக, நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொன்னார். அன்ரி பிர்தெயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் கதைக்கக்கூடாதல்லவா, குனிந்து படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிர்தெ கதைத்து முடித்ததும் அன்ரி அழகாகச் சிரித்து, நை தக் என்று சொன்னார். வேண்டாம், நன்றி. இரண்டாவது கோப்பி வேண்டுமா என்று கேட்டால் சொல்வோமே, அதே தொனி. சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினார். ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் போனோம். அதே சிரிப்பு, அதே நை தக், அதே கதவு. கடிதமும் போட்டோம், பதில் இல்லை. படிவத்தின் அடியில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முடிந்தது, இயலவில்லை, மறுத்தார். இயலவில்லை என்பது நோய், ஆஸ்பத்திரி, இறப்பு, இப்படியானவற்றுக்கு. பிர்தெ சொல்ல, மறுத்தார் என்ற கட்டத்தில் நான் புள்ளடி போட்டேன். என் பேனாவால். பங்குனி முதல் செவ்வாயோடு அவருடைய பொதி நின்றது.

பிள்ளை, அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை. ஏன்? ஒன்பது கேள்விதானே. கோபம் என்றால் கத்தியிருப்பார். ஒளிக்க ஏதும் இருந்தால் கதவைத் திறந்திருக்கவே மாட்டார். இவ்வளவு மரியாதையாக ஒருவர் சாப்பாட்டை வேண்டாம் என்பாரா? வேலியில் நிற்கும்போதும் பல் தீட்டும்போதும் இதையே யோசித்தேன். சங்கத்து விசயத்தை வீட்டில் கதைக்கக்கூடாது, ஆனால் செவ்வாய்க்கிழமை வரிசையில் அவரைக் காணவில்லை என்று அம்மாவே கண்டுபிடித்துவிட்டாள். இஞ்சேருங்கோ, மலரக்கா ஏன் வாறேல்லை, ஏதும் வருத்தமோ என்று கேட்டாள். நான் மழுப்பினேன். அவள் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்றபடி பத்து நிமிடம் தமிழில் நல்லபடியாகக் கதைத்தாராம், முழங்காலைப் பற்றிக் கேட்டாராம், ஆனால் உள்ளே வா என்று கூப்பிடவில்லையாம், ஆள் மெலிந்துவிட்டாராம். ஆரோ வீட்டுக்குள்ள நிக்கினம் போல கிடக்கு, அதுதான் விடேல்லை என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைக்கத் தொடங்கினேன். யாரோ வேலை செய்கிற ஆள் அங்கே இருக்கிறார், அதைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று. நினைத்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சித்திரை முடிவில் ஒருநாள் பிரஷர் குளிசை எடுக்க மருந்துக்கடைக்குப் போய் நம்பர் எடுத்துக்கொண்டு இருந்தேன். எனக்கு முன்னால் கவுண்டரில் தங்கமலர் அன்ரி. அவர் என்னைக் காணவில்லை. மருந்துக்கடைப் பிள்ளை பெட்டியை வைத்துவிட்டு, இந்த மருந்தை நீங்கள் முன்பு எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டது. இங்கே எல்லோரையும் கேட்கிற கேள்விதான். அன்ரி சிரித்து, நை தக் என்றார். அந்தப் பிள்ளை ஒரு கணம் முழித்தது. பிறகு, இதை எப்படிப் பாவிப்பது என்று தெரியுமா என்று கேட்டது. நை தக். அதே சிரிப்பு. சுவரில் என் நம்பர் விழுந்து மின்னிக்கொண்டிருந்தது, நான் எழும்பவில்லை. வாசலில் எனக்கு முன்னால் இரண்டு தடவை கேட்ட அதே இரண்டு சொல், அதே ராகம். கேட்ட கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. அப்படியென்றால் வாசலிலும்?

மருந்தை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போனேன். நடைபாதையில் கூப்பிட்டு நிறுத்தி, தங்கமலர், அந்தப் பிள்ளை உங்களிட்ட என்ன கேட்டது என்று கேட்டேன். அவர் முகம் அப்படியே கறுத்துப்போனது. பிறகு, அண்ணை உங்களுக்கு நேரமிருக்கோ என்று கேட்டார். நூலகத்துக்கு முன்னால் இருக்கிற வாங்கில் போய் இருந்தோம்.

எனக்கு டெனிஷ் போட்டுது அண்ணை என்றார். எங்கே போனது என்று நான் மடையன் மாதிரிக் கேட்டேன். அதுதானே எனக்கும் தெரியேல்லை என்றார். கார்த்திகையில ஒருநாள் விடிய எழும்பி ரேடியோவைப் போட்டன் அண்ணை, ஆக்கள் கதைக்கினம், சத்தம் வடிவாக் கேக்குது, ஒரு சொல்லும் விளங்கேல்லை, ரேடியோ பழுதாப்போச்சு எண்டு நினைச்சன், பிறகு பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிக் கதைச்சா, அவவும் பழுதாப்போனா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதைக் கண்டு அம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார். மூளையில் சின்னதாக ஒரு இரத்தக்கட்டி. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். வாய் நேராகிவிட்டது, கைகால் சரி, தமிழில் ஒரு குறையுமில்லை. டெனிஷ் மட்டும் முழுவதும் துடைத்தது போலப் போய்விட்டது. வணக்கம், நன்றி, வேண்டாம் நன்றி, இந்த மூன்றும்தான் மிச்சம். போகப் போகத் திரும்பும் என்று ஆஸ்பத்திரியில் தொலைபேசியில் ஒரு தமிழரை வைத்துச் சொன்னார்களாம், பயிற்சிக்குக் கூப்பிடுவோம் என்றும் சொன்னார்களாம். கூப்பிட்ட கடிதங்கள் எல்லாம் டெனிஷில், கைத்தொலைபேசிக்குள், டிஜிட்டல் தபாலில் வந்து கிடந்திருக்கின்றன. அவரால் வாசிக்க முடியவில்லை.

ஏன் எங்களில் ஒருவரிடம் காட்டவில்லை, வாசலில் எனக்குத் தமிழில் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குச் சொன்னா நீங்கள் அவவுக்குச் சொல்லுவியள், அவ எழுதுவா, முப்பத்தாறு வருசம் இஞ்ச இருந்தும் பாசை படிக்காத மனுசி எண்டு எழுதுவா, ஊருக்கே கதைச்சுக் குடுத்தனான் அண்ணை, எனக்கு ஒரு தொல்க் வேணும் எண்டு நான் எந்த வாயால கேக்கிறது? பிறகு, நீங்கள் ஒரு சொல்லுத் தமிழில கதைச்சிருந்தா நான் உள்ள விட்டிருப்பன், நீங்கள் கடதாசியையே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அன்று அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் ஒருவரும் இல்லை பிள்ளை. யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்த வீட்டில் சட்டியில் கோவாவும், மேசையில் ஒரு பாணும்தான் இருந்தன. அம்மாவை உள்ளே விடாததும் அதற்காகத்தான். தொலைபேசியைத் தந்து வாசிக்கச் சொன்னார். பதினேழு கடிதங்கள். மூன்று பேச்சுப் பயிற்சிக்கான அழைப்புகள். மூன்றாவதில், நீங்கள் பதில் தராதபடியால் உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு இத்துடன் முடிக்கிறோம் என்று இருந்தது. அதற்குக் கீழே எங்கள் சங்கத்தின் கடிதம், நீங்கள் மறுத்தபடியால் என்று தொடங்கியது. நான் போட்ட புள்ளடியால் வந்த கடிதத்தை நானே அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, நல்லா மொழிபெயர்க்கிறியள் என்றார்.

ஆனால் ஒரு சத்தியம் வாங்கினார். நோயைப் பற்றி ஒருவருக்கும் சொல்லக்கூடாது, சங்கத்துக்கும் சொல்லக்கூடாது, தவமணிக்கும், அதாவது உன் அம்மாவுக்கும் சொல்லக்கூடாது, நோர்வேயில் இருக்கிற அவருடைய மகன் ஜோன்சனுக்கும் சொல்லக்கூடாது. இது எப்படி இருக்கிறது என்று பார். மறுத்தார் என்ற கட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் இயலவில்லை என்று காட்ட வேண்டும், இயலவில்லை என்று காட்ட வேண்டுமென்றால் நோயைச் சொல்ல வேண்டும், நோயைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இரண்டு நாள் வளவுக்குள் நடந்தேன். அம்மா என்ன என்று கேட்டாள், பல்வலி என்றேன். மூன்றாம் நாள் ருபார்ப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய கதையைச் சொல்லத் தேவையில்லை, என்னுடைய கதையைச் சொன்னால் போதும்.

வைகாசி முதல் கிழமையில் சங்கத்தின் கூட்டம். ஐந்து பேர் இருந்தார்கள். நான் எழும்பி, பதினைந்தாம் இலக்க வீட்டில் மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற கேள்வியை நான் அந்த வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை, காருக்குள் இருந்து நானே பதில் எழுதினேன், ஆகையால் அந்தச் சோதனை சரியாக நடக்கவில்லை, அவர் மறுத்தார் என்று நாங்கள் எழுதியதும் செல்லாது என்றேன். என் டெனிஷ் உனக்குத் தெரியுமே, அன்று இன்னும் மோசமாக வந்தது. ஒருவர், சரி, இப்போது சொல்லுங்கள், அந்த அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கேட்டார். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். பிர்தெ வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டு இருந்தார். பிறகு, நானும் கேட்கவில்லை குணசேகரம், நீங்கள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன் என்றார். எனக்கு அந்த மனுசியில் இருந்த மரியாதை அன்று கூடிவிட்டது. சோதனையை அழித்து மறுபடி நடத்துவது என்று தீர்மானித்தார்கள். ஆனால் கேட்காமல் பதில் எழுதுகிறவர் ஒரு வருடம் வீடுகளுக்குப் போகக்கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது, பிர்தெ தானே எழுதிய விதி, அதை என்மேல் போட்டார்கள். சரிதான் என்றேன். அதுவரை நின்றுபோன ஒன்பது பொதியும் போனதுதான், பாலையும் கரட்டையும் பின்திகதியிட்டுக் கொடுக்க முடியாதே.

மறுபடி நடந்த சோதனைக்கு நான் போகவில்லை, போகவும் முடியாது. பிர்தெ முதலிலேயே தமிழில் ஒரு கடதாசி அனுப்பி, எந்த மொழியில் கதைக்க விருப்பம் என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார். அன்ரி தமிழ் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு அனுப்பினார். அவ்வளவுதான் பிள்ளை, காரணம் ஒருவரும் கேட்கவில்லை. தொலைபேசியில் ஓகூஸ் நகரத்திலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை மொழிபெயர்த்ததாம். நடந்ததை அன்ரியே அம்மா இல்லாத நேரம் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். பின்னால் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டதாம். பிள்ளை, தொல்க் வேலை செய்யேக்க தேத்தண்ணி போடக்கூடாது, ஒரு சொல்லுத் தவறினா ஒரு மனுசற்றை காரியம் கெட்டுப்போம் என்று அதட்டினாராம். அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டு அடுப்பை நிறுத்திவிட்டு வந்ததாம். ஐம்பது நிமிடம் நடந்ததாம். இந்தக் கிழமை ஒரு நேரச் சாப்பாட்டையாவது விட்டீர்களா என்ற கேள்விக்கு என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய் வரிசையில் நின்றார்.

இனி ஜோன்சன். ஸ்டவாங்கரில் மின்சார வேலை செய்கிறான், உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். வைகாசி நடுவில் ஒரு சனிக்கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தான். அவசர அவசரமாக டெனிஷில் கதைத்தான். அம்மா தொலைபேசி எடுப்பதில்லை, குறுஞ்செய்தி போட்டால் ஒரு இதயப் படம் மட்டும் வருகிறது, நத்தார் பண்டிகைக்கு நான் வராததற்குக் கோபமா, ஆறு மாதமாகிறது என்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவன் பிறந்து வளர்ந்த நாள் தொட்டுத் தாயோடு டெனிஷில்தான் கதைப்பான், தாய் தமிழில் கேட்டாலும் இவன் டெனிஷில் பதில் சொல்வான். கார்த்திகை மாதத்து விடியலோடு அந்த மனுசிக்குத் தன் பிள்ளையும் விளங்காமல் போய்விட்டான். அதனால்தான் எடுக்கவில்லை. எனக்கோ சத்தியம். நான் சொன்னது இவ்வளவுதான். தம்பி, ஒண்டும் கேளாத, அம்மாவோட தமிழில கதை. அவன் திகைத்துப்போனான். அங்கிள், என்ர தமிழ் சின்னப்பிள்ளைத் தமிழ், அம்மா சிரிப்பா என்றான். சிரிக்கட்டும் என்றேன். எடுக்கமாட்டாவே என்றான். அப்ப குரலைப் பதிஞ்சு அனுப்பு என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் தங்கமலர் அன்ரி மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசையில் தொலைபேசியை வைத்து, கேளுங்கோ என்றார். ஜோன்சனின் குரல். அம்மா. நான் ஜோன்சன். சாப்பிட்டீங்களா? நான் சாப்பிட்டன். சோறு. கோழி. உறைப்புக் காணாது. நீங்கள் எனக்குக் கோவமா? கோவம் வேண்டாம். போன் எடுங்கோ. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் அவன் தேடுவது கேட்டது. பதினொரு தடவை கேட்டுவிட்டாராம். அம்மா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள், அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாதே. தங்கமலர் அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தவமணி, உன்ர மனுசன் நல்ல கள்ளன், மூண்டு கிழமை வாயைத் திறக்கேல்லை என்று சொல்லிவிட்டு, தானே எல்லாவற்றையும் சொன்னார். பிறகு எங்களுக்கு முன்னாலேயே மகனுக்கு எடுத்தார். நாங்கள் குசினிக்குப் போய்விட்டோம், ஆனால் கதவு சாத்தவில்லை. அவர் சொன்ன முதல் வார்த்தை, இல்லை அப்பன், அம்மா இன்னும் சாப்பிடேல்லை என்பதுதான். பிறகு இரண்டு பேரும் ஒருமித்து அழுகிறது கேட்டது. அம்மா சோற்றுப்பானையை அடுப்பில் வைத்தாள்.

ஜோன்சன் வைகாசி கடைசியில் வந்துவிட்டான். விடுமுறை எடுத்துக்கொண்டு, கொமூனில் பேச்சுப் பயிற்சியைத் திரும்பத் திறப்பித்து, வியாழக்கிழமைகளில் தாயைக் கூட்டிக்கொண்டு போகிறான். உள்ளே அவன்தான் மொழிபெயர்ப்பு. அன்ரி அவன் தமிழைத் திருத்துகிறார், பயிற்சியாளர் அன்ரியின் டெனிஷைத் திருத்துகிறார், ஒரு மணித்தியாலப் பாடம் இரண்டு மணித்தியாலம் போகிறதாம். இதுவரை நாற்பது சொல் வரை வந்திருக்கிறது. அதில் ஒரு வேடிக்கை, தண்ணீர், கதிரை போன்ற லேசான சொற்கள் வரவில்லை, பிரசவ வலி, மேன்முறையீடு, கடைசித் திகதி, இவைதான் முதலில் வந்தன. ஏன் அப்படி? உனக்குத் தெரியுமா? ஒரு தலைக்குள் இரண்டு மொழியும் இரண்டு அறையில் இருக்கின்றனவா, ஒரு அறைக்கு மட்டும் வெளிச்சம் போகுமா? பிந்திப் படித்த மொழிதான் போகுமா, அல்லது எதுவும் போகலாமா? எனக்கும் அம்மாவுக்கும் வந்தால் எது போகும், உனக்கு வந்தால் எது போகும்? இவற்றை உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னது தங்கமலர் அன்ரிதான், துவாரகாவுக்கு எல்லாத்தையும் எழுதுங்கோ, இனி ஒளிக்க ஒண்டுமில்லை என்று சொன்னபடியால்தான் இவ்வளவும் எழுதினேன். உன் மருத்துவர்களிடமும் கேட்டுப் பார்.

இன்னொன்று. நீயும் ஒவ்வொரு நாளும் படிவம் நிரப்புகிறாய். உன் வார்டில் கிறீன்லாந்துக்காரர் வயதுபோனவர்கள் இருப்பார்கள், டெனிஷில் கேட்டால் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்பார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். மருந்தை மறுத்தார், சாப்பாட்டை மறுத்தார் என்று எழுதுவதற்கு முன்னால், அவர்களுடைய பாசை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்பி. உனக்கு வேலை நெருக்கடி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்பி. நான் காருக்குள் இருந்து புள்ளடி போட்டவன் என்பதால் சொல்கிறேன்.

அம்மா நேற்று வெங்காயம் உரித்துக்கொண்டே, நாளைக்கு எனக்கு உப்பிடி வந்தா இவள் பிள்ளை என்னோட என்ன பாசையில கதைப்பாள் என்று கேட்டாள். நீ அம்மாவோடு டெனிஷில்தானே கதைக்கிறாய், நாங்களும் அதைப் பெருமையாக விட்டுவிட்டோம். அடுத்த ஞாயிறு எடுக்கும்போது தமிழில் கதைத்துப் பார், பிழை வந்தால் வரட்டும். இந்தக் கடிதத்தை வாசிக்க உனக்கு எவ்வளவு நேரம் போனது என்றும் சொல்லு.

மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பார்சலில் போட்டிருக்கிறோம், தபால்காரன் மூன்று கிழமை என்கிறான். விற்றமின் டி குளிசையை விடாமல் எடு. வெறும் பாணோடு படுக்காதே. அம்பாள் உன்னை எந்தக் குளிரிலும் கைவிடாமல் காக்க வேண்டும், நீ கைபிடிக்கிற நோயாளிகள் எல்லோரும் எழும்பி நடந்து வீடு போக வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று தன் அன்பையும் எழுதச் சொல்கிறாள், ஆனால் தானே எழுதமாட்டாளாம், ஞாயிறு தொலைபேசியில் சொல்வாளாம். இருட்டாத இரவுகளில் திரை போடுகிறீர்களா என்று நான் கேட்டதற்கும் பதில் எழுது.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா
குணசேகரம்